திங்கட்கிழமை ஜுரம்

என் கணவரின் குடியை நிறுத்த எங்கள் சொந்தக்காரர்கள் சொன்ன யோசனைகளைக் கேட்டால், குடிக்காதவனுக்கும் குடிக்கத் தோன்றும். ஆனேக்கல் பக்கம் ஒரு கோயிலில் கயிறு கட்டினால் சரியாகிவிடும் என்றார் மாமியார். கயிறு கட்டிய கையாலேயே என் கணவர் கிளாஸைத் தூக்கினார். நாத்தனார் ஏதோ ஒரு பொடி வாங்கி வந்து, தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடச் சொன்னாள். சாம்பார் பச்சையாகிவிட்டது. என் அண்ணன் மட்டும் யோசனை எதுவும் சொல்லவில்லை. "ஐடில இருக்கறவன் குடிக்காம என்ன பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து தானும் ஊற்றிக்கொண்டான்.

நான் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் நானே செய்து முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். கணவருடைய வருமான வரியும் பல் டாக்டரும் என் பொறுப்பு. திங்கட்கிழமை அவரால் எழுந்திருக்க முடியாதபோது அவர் மேனேஜருக்குப் போன் செய்து, "அவருக்கு ஜுரம் சார்" என்று சொல்வதும் என் பொறுப்பு. இனி ஒரு நாள் சொல்லாமல் லீவு போட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். ஆக, அந்த வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் பொய்தான். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் கேட்டில் சின்னப் பலகை ஒன்றைப் பார்த்தேன். குடியை விட நினைப்பவர்கள் இந்த நம்பரில் கூப்பிடலாம் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. அங்கேயே நின்று கூப்பிட்டேன். ஒரு ஆண் எடுத்தார்.

"குடிக்கிறது யாரும்மா?"

"என் வீட்டுக்காரர். அவரைச் சேத்துக்கணும். எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

"அவரையே போன் பண்ணச் சொல்லுங்க."

"அவர் பண்ண மாட்டார். அதுக்குத்தானே நான் பண்றேன்!"

"அவரே பண்ணணும்மா. அதுதான் இங்க முறை. நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க, குடிக்கறவங்க வீட்டுல இருக்கறவங்களுக்குத் தனியா மீட்டிங் இருக்கு."

"நானா குடிக்கிறேன்?"

"இல்லம்மா. இருந்தாலும் வாங்க."

பேங்கில்கூட மனைவி பேசினால் கொஞ்சம் கேட்பார்கள். எரிச்சல் தாங்கவில்லை. இவர்கள் என்னதான் கிழிக்கிறார்கள் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கிழிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறிப்போன டீ. கல்யாணத்துக்குப் போகும் வழியில் இறங்கியது போல் பட்டுப்புடவையில் ஒருத்தி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்த இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் தன் கதையை மட்டும் சொல்ல வேண்டும், அடுத்தவளுக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். ஒருத்தி பேசி முடித்தால் மற்றவர்கள் நன்றி என்பார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு ஸ்டாஃப் மீட்டிங் நடந்தால் எங்கள் ஹெச்.எம். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இதுகளோடு எனக்கென்ன பேச்சு என்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பட்டுப்புடவை பேசினாள். "மண்டே வந்தா அவர் ஆஃபீசுக்கு நான்தான் போன் பண்ணுவேன். ஜுரம் ஜுரம்னு சொல்லி அலுத்துப்போய், போன மாசம் டெங்குன்னு சொல்லிட்டேன்."

அறை முழுக்கச் சிரித்தது. "என்னோடது டைபாய்டு" என்றாள் மூக்கு உறிஞ்சுபவள், வழக்கத்தை மீறி. மறுபடியும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் நான் சொன்னதும் டெங்குதான். சொல்லிவிட்டு, பிளேட்லெட் எண்ணிக்கைகூட விசாரித்து வைத்திருந்தேன். நான் மட்டும் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். இந்த மூக்கு உறிஞ்சிகளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவமானமாக இருந்தது.

"அப்போ போன் பண்ணக் கூடாதா? பண்ணலைன்னா வேலை போயிடுமே?" என்று கேட்டேன்.

எல்லோரும் நன்றி என்றார்கள். இதற்கா ஆட்டோ பிடித்து வந்தேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். சர்ச் கேட்டில் ஒரு நம்பர் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை அவர் போர்வைக்குள்ளிருந்தே சொன்னார். "மேனேஜருக்கு ஒரு போன் போட்டுடு. டெங்கு வேணாம், போன தடவை சொல்லியாச்சு."

என்ன அக்கறை! அந்தப் போர்வையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவருடைய போனை எடுத்து அவர் தலையணை மேல் வைத்தேன்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன். முதல் பீரியடிலேயே போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள் திருத்தினார்கள்.

அவர் மேனேஜரைக் கூப்பிடவில்லை. வேலை போனது. மருமகள்தான் பிள்ளையின் வேலையைக் கெடுத்தாள் என்று மாமியார் சொந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொன்னார். அண்ணன் என் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்தினான். அதில் எனக்கு நஷ்டமில்லை. அவர் பாட்டுக்குக் குடித்தார், நான் பாட்டுக்குச் சமைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அந்த சர்ச் கேட்ல ஏதோ நம்பர்னு சொன்னியே, இருக்கா?"

கொடுத்தேன். நானே டயல் செய்து கொடுக்க விரல் துடித்தது. கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன். அவர் போனோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எனக்கு எல்லாம் கேட்டது. அதே குரல், அதே கேள்வி.

"குடிக்கிறது யாருங்க?"

என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாரோ என்று கதவருகே நின்றிருந்தேன். கூப்பிடவில்லை.

"நான்தான்" என்றார்.