சின்னவரை மேலே அனுப்பியது சாராம்மா அல்ல

சாராம்மா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சிலமலை ரேசன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மகன் அவனுடைய பழைய போனை எனக்குக் கொடுத்திருக்கிறான். பச்சையை அமுக்கினால் பேசலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பேசியது ராசிங்காபுரத்துப் பாண்டி.

"அண்ணே, நம்ம அம்மா போயிட்டாங்கண்ணே. கோட்டயத்துல. நாலு நாளாச்சு."

"அடக்கம்?"

"எல்லாம் முடிஞ்சுருச்சு. எனக்கே இன்னைக்குத்தாண்ணே தெரியும்."

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. "பெருசு, அரிசி வேணுமா வேணாமா?" என்று பின்னால் நின்றவன் கேட்டான். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். "எந்த அம்மா மாமா?" என்றாள். ஏரோப்பிளேன் அம்மா என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சாராம்மாவைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை. துக்கம் கேட்க என்னிடம் யாரும் வரவில்லை. நானும் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை.

மறுவாரம் பாண்டி வந்தார். பெரிய விமானங்கள் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாராம்மாவிடம் பறக்கப் படித்த நீங்களெல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறீர்களாம். "நீங்க சொல்லுங்கண்ணே, நான் எழுதிக்கிறேன்" என்றார். நான் கைநாட்டு. ஆகவே இதில் வாய் என்னுடையது, கை பாண்டியுடையது. உங்களில் பலர் இன்றுவரை ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். முதலாளி மகன் என்பதற்காக, பாடம் முடியாமலே சின்னவரைச் சாராம்மா தனியாக மேலே அனுப்பிவிட்டார் என்று. அது அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

விமானம் எங்கள் பக்கம் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த எங்கள் முதலாளி, மருந்தடிக்க என்று இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். அடித்த மருந்தெல்லாம் நிழல் மரத்து இலைகளிலேயே நின்றுவிட்டது. ஏலச்செடிக்குச் சொட்டுக்கூட இறங்கவில்லை. "சீக்கு செடிக்கு, மருந்து மரத்துக்கா?" என்று தோட்டத்தில் சிரித்தார்கள். விற்க மனமில்லாத முதலாளி, மலையடிவாரத்தில் தரிசாகக் கிடந்த தன் நிலத்தைச் சமப்படுத்திப் பறக்கப் பழக்கும் பள்ளிக்கூடம் ஆக்கினார். பழக்க வந்தவர்தான் சாராம்மா. இடுக்கிப் பக்கம் ஒரு எஸ்டேட் கணக்கப்பிள்ளையின் மகள். மெட்ராசில் படித்து வந்தவர். எனக்குச் சோலி, விமானம் இறங்கும் களத்தில் மேய வரும் மாட்டை விரட்டுவது, இறக்கையைக் கழுவுவது, கம்பத்தில் கட்டிய காற்றுப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துச் சொல்வது.

இந்த எழுத்து வேலை பாண்டிக்கு வந்து சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பழக்கம் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ஒருநாள் காலையில் ஸ்டால் பாடத்தை, அதாவது பறக்கிற விமானம் தாங்கல் இழந்து விழுவது பற்றிய பாடத்தை, இங்கிலீசில் மந்திரம் போல ஒப்பித்துக்கொண்டிருந்தார். சாராம்மா கையைத் தூக்கி, "மதி, மதி, போதும். இதையே சன்னாசிக்குச் சொல்லு பாப்போம்" என்றார். பாண்டி என்னிடம் திரும்பி, "அது வந்துண்ணே, மேல போயி இன்ஜின் நின்னுரும்" என்றார்.

"இன்ஜின் நல்லா ஓடிக்கிட்டேதான் இருக்கும், மண்டூகம்" என்று சாராம்மா சிரித்தார். "ரெக்கைதான் காத்தை விட்டுரும்."

எனக்கு அது சட்டென்று விளங்கியது. ஆடிக் காற்றில் கூரைத் தகரத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். முன்முனையைக் கொஞ்சம் தூக்கினால் தகரம் ஆளையே மேலே கிளப்பும். இன்னும் தூக்கினால் தடதடவென்று ஆடும். அதற்கும் மேலே தூக்கினால் கிளப்புவதை நிறுத்தி, ஆளைப் பின்னால் தள்ளிக் கீழே போடும். இதைச் சொன்னேன். சாராம்மா என்னையே பார்த்தார். பிறகு பாண்டியிடம், "நீ ரெண்டு மாசமாப் படிக்கிறே. இவர் தகரம் தூக்கினவர்" என்றார்.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. யாராக இருந்தாலும் தனியாகப் பறக்கும் முன்னால் ஸ்டால் என்றால் என்ன, எப்படி வரும், எப்படி மீள்வது என்று எனக்குச் சொல்லி விளங்கவைக்க வேண்டும். நான் சரி என்றால்தான் அம்மா சரி என்பார். உங்களில் ஒருவர் எனக்கு வடை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள். வடையைத் தின்று முடித்து, "விளங்கலை அப்பு" என்றேன். சாராம்மா அன்று முழுக்கச் சிரித்தார்.

சொல்லிக் கேட்பது போதாது என்று என்னையும் ஒருதரம் மேலே கூட்டிப்போனார். "மடியில இருக்கறதெல்லாம் இறக்கி வை சன்னாசி. மூக்கு விழறப்ப உன் சுண்ணாம்பு டப்பா என் கண்ணுக்கு வரும்." வார் இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று தானே இழுத்துப் பார்த்தார். மெட்டுச் செக்போஸ்ட் எங்கள் கண்ணுக்கு நேராக வரும்வரை ஏறினோம். "இதுக்குக் கீழ இந்த வெளையாட்டு கெடையாது" என்றார். தப்பு நடந்தால் திருத்த இடம் வேண்டுமாம். பிறகு இடதுபக்கம் ஒரு வட்டம், வலதுபக்கம் ஒரு வட்டம். கீழே யாரும் பறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார். இன்ஜினைக் குறைத்து மூக்கை மெல்ல மெல்லத் தூக்கினார். காற்றுச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. விமானத்தை ஓட்டும் கைப்பிடி தொளதொளத்தது. எங்கோ ஊதல் கேட்டது. விமானம் நடுங்கியது. அடுத்த நொடி மூக்கு கவிழ்ந்தது. அம்மா பதறவில்லை. கைப்பிடியை முன்னால் தள்ளினார். சாய்ந்த இறக்கையைக் கால்மிதியை அமுக்கி நேராக்கி, இன்ஜினைக் கூட்டினார். காற்றுச் சத்தம் திரும்பி வந்ததும் மெதுவாக மூக்கைத் தூக்கினார்.

"விழறப்ப மேல இழுக்கத்தான் தோணும். தோணறதைச் செய்யாதே. ரெக்கைக்குக் காத்தைத் திருப்பிக் குடு, அது உன்னைத் தூக்கும்."

கீழே இறங்கியதும் இரண்டாம் பாதியைச் சொன்னார். வேகம் குறைந்தால்தான் இறக்கை விடும் என்பது பாதிப் பாடம். வேகம் இருந்தாலும், சாய்ந்து திரும்பும்போது கைப்பிடியை இறுக்கி இழுத்தால், இறக்கை காற்றைச் செங்குத்தாகப் பார்த்துவிடும். அப்போது ஒரு பக்கத்து இறக்கை முதலில் விடும். விமானம் சுழன்றுகொண்டு விழும். உயரம் இல்லையென்றால் அவ்வளவுதான். "நேராப் பறக்கறப்ப எவனும் சாகறதில்லை சன்னாசி. திருப்பத்துலதான் சாகறான். திருப்பத்தைச் சொல்லாதவனை நீ விடாதே."

முதலாளி மகன் சின்னவர் எனக்குப் பாடம் சொன்னது ஒரு பங்குனி மாதத்தில். இலவங்காய் வெடித்துப் பஞ்சு களம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. நேராகப் பறக்கும்போது ஸ்டாலை அவர் நன்றாகவே செய்வார். திருப்பத்தில் ஒரே ஒருதரம் அம்மாவோடு செய்து, அதுவும் கோணலாகப் போயிருந்தது. அன்று முதலாளி காரில் வந்து நின்றார். மகன் தனியாகப் பறப்பதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிற அவசரம். சின்னவர் என்னிடம் வந்து கடகடவென்று சொன்னார். மூக்கு, நடுக்கம், முன்னால் தள்ளுவது எல்லாம் சொன்னார். திருப்பத்தைச் சொல்லவில்லை.

"என்னண்ணே, சரிதானே?" என்று தோளில் தட்டினார். "வெரசாச் சொல்லப்பா சன்னாசி" என்றார் முதலாளி. நான் குடியிருந்தது அவர் நிலத்தில். அவர் மகனை அவர் முன்னாலேயே தப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. சரிதான் என்று தலையை ஆட்டினேன்.

சாராம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போகவில்லை. அங்கேயே நின்று, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "திருப்பத்தைச் சொன்னானா?"

"சொன்னாருங்கம்மா."

அம்மா சின்னவரிடம் போய், "களத்தைச் சுத்தி மூணு ரவுண்டு. வேற எங்கயும் போகக் கூடாது. மனசிலாயோ?" என்றார். இரண்டு ரவுண்டு ஒழுங்காகப் போனார். மூன்றாவதில் களத்தை விட்டு மேற்கே போனார். மலையடிவாரத்துப் பங்களா மாடியில் அவருடைய ஆத்தா நின்றுகொண்டிருந்தார். சின்னவர் பனைமர உயரத்தில் சாய்ந்து பங்களாவைச் சுற்றினார். களத்தில் நின்ற சாராம்மாவின் கை தன்னால் முன்னே போனது. இல்லாத கைப்பிடியைத் தள்ளிக்கொண்டிருந்தார். "இழுக்காதே, இழுக்காதே" என்று முனகினார். உள்பக்கத்து இறக்கை விட்டது. விமானம் இலவந்தோப்புக்குள் விழுந்தது; கிளைகள் தாங்கியதால் சின்னவர் உயிர் தப்பினார். நாங்கள் ஓடிப் போனபோது அவர் மேலெல்லாம் பஞ்சு. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது.

மெட்ராசிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். என்னிடம் ஒரே கேள்விதான். "மாடு ஏதாச்சும் குறுக்க வந்துச்சா?" இல்லை என்றேன். அம்மாவிடம் நெடுநேரம் கேட்டார்கள். "நான்தான் அனுப்பினேன்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பெயரை எடுக்கவே இல்லை. 'பொம்பளைகிட்டப் படிச்சா இப்படித்தான்' என்றது போடிச் சந்தை. நீங்கள் முதலாளி மகனுக்குச் சலுகை என்றீர்கள். முதலாளி களத்தைப் பூட்டினார்.

சாராம்மா ஊரைவிட்டுப் போன அன்று போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். உங்களில் ஒருவரும் வரவில்லை. பஸ்சு கிளம்பக் கொஞ்சநேரம் இருந்தது. பெட்டியை மேலே போட்டுவிட்டு இறங்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா கோபமே இல்லாமல் கேட்டார்.

"சன்னாசி, அன்னைக்கு அவன் திருப்பத்தைச் சொன்னானா?"

அங்கே முதலாளி இல்லை, சின்னவர் இல்லை. முறுக்கு விற்கிறவன்கூடத் தள்ளித்தான் நின்றான். அவர் எனக்காகத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

"சொன்னாருங்கம்மா" என்றேன்.

"செரி" என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. பஸ்சு போய்விட்டது.

நான் பொய் சொன்னது சின்னவருக்குத் தெரியும். காலை இழுத்து இழுத்து நடந்து வெகுகாலம் இருந்தார். ஒருநாள் தோப்பில் என்னைப் பார்த்து நின்று, "ஏண்ணே, அன்னைக்கு நீ என்னைக் காட்டிக்குடுத்திருந்தா எனக்குக் கால் இருந்திருக்கும்ல?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மாட்டைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். இப்போது அவரும் இல்லை.

அம்மாவுக்குக் கடிதம் போடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. எழுதத் தெரிந்தவன் தனியாக உட்கார்ந்து எழுதி ஒட்டிவிடுவான். நான் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எழுதுகிறவனிடம் சொல்ல வேண்டும். கிறிஸ்துமசுக்கு அவர் அனுப்பும் வாழ்த்தைப் போஸ்ட்மேன் படித்துக் காட்டுவார். "பதில் ஏதாச்சும் எழுதணுமா?" என்பார். "நல்லாருக்கேன்னு எழுதுங்க" என்பேன். எல்லா வருசமும் அதே பதில்தான் போனது.

இவ்வளவையும் இன்று சொல்லக் காரணம் பாண்டிதான். எழுத உட்கார்ந்தபோது, "உங்க மாதிரி ஆளுககிட்டப் பாடம் சொல்லவைக்கிற பழக்கத்தை அம்மா போடியோட விட்டுட்டாங்கண்ணே" என்றார். அடுத்த பள்ளிக்கூடத்தில் அவர் அம்மாவுக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டாராம். "முழுசாச் சொன்னவனே விழுந்தான் பாண்டி. வாயால சொல்றதுல ஒண்ணுமில்லை" என்று அம்மா சொன்னாராம். சாகும்வரை அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவர் கண்டுபிடித்த நல்ல வழி ஒன்றை, பொய்யென்று அவரே தள்ளிவைக்கும்படி செய்தது என் வாய்.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொன்னபோது பாண்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது வேணாண்ணே. யாருக்கும் தெரியாதுல்ல, விடுங்க" என்றார். எழுதுங்கள் என்றேன். பேனாவை எடுத்து எழுதினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்களில் யாராவது இன்னும் பழக்கிக் கொடுக்கிறீர்கள் என்றால், மாடு விரட்டுகிறவனிடம் பாடம் சொல்லச் சொல்லுங்கள். அது பழுதான வழி இல்லை. சின்னவர் முழுசாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பங்களாவை அப்படிச் சுற்றியிருக்க மாட்டார். ஆனால் கேட்கிறவனைப் பெரிய மனிதர்கள் முன்னால் நிறுத்திக் கேட்காதீர்கள். தனியாகக் கேட்டாலும் அவன் பொய் சொல்லலாம். மறுபடியும் கேளுங்கள்.

அம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பாடம், இரண்டு பாதியும். களம் இப்போது தென்னந்தோப்பு. செய்தி வந்த மறுநாள் நடந்தே அங்கே போனேன். மெட்டைப் பார்த்து நின்று, எத்தனை உயரம் வேண்டும் என்பதில் தொடங்கி, இரண்டு பக்கமும் பார்ப்பது, நடுக்கம், மூக்கு, கை, கால், திருப்பம் என்று ஒன்று விடாமல் சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்துக் காத்திருந்தேன். சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.