மேளம் நின்ற தோப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறேன். பிள்ளைப்பாக்கம் தாண்டி ஏரிக்கரைத் தோப்பருகில், ஒரு கல்யாண ஊர்வலத்தின் பின்னால் பஸ் ஊர்கிறது. தோப்பு வந்ததும் மேளக்காரர்கள் தாங்களாகவே வாசிப்பை நிறுத்துகிறார்கள். எங்கள் டிரைவரும் ஹாரன் அடிப்பதில்லை.

மாப்பிள்ளையின் மாமா பட்டணத்துக்காரர் போலிருக்கிறது. கையில் சரவெடி. "நடுவுல மேளம் நின்னா அபசகுனம்யா! அடிங்க!" என்று கத்துகிறார்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருக்கும் உள்ளூர் அம்மாளிடம், ஏன் நிறுத்தினார்கள் என்று மெல்லக் கேட்கிறேன்.

"மேல பாரும்மா. வவ்வாலுங்க குட்டி போட்டுகீது. வெடி வெச்சா பயந்து கீய வுட்டுடும்."

பார்க்கிறேன். கிளையெல்லாம் பழந்தின்னி வௌவால்கள். செம்பட்டைக் கழுத்து, நாய்க்குட்டி முகம். ஒரு தாய் ஒரு சிறகால் குட்டியைப் போர்த்தி, மறு சிறகால் விசிறுகிறது. எனக்குக் கண் எடுக்க மனமில்லை.

மாமா தீப்பெட்டியை எடுக்கிறார். அந்த அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா பெரியவரே, உங்க வூட்ல கொயந்த தூங்கசொல்லோ வெடி வெப்பீங்களா?" என்கிறாள்.

எல்லாரும் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை சரவெடியை வாங்கித் தன் மாலைக்குள் செருகிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார். தோப்பு முடிந்ததும் மேளம் முழங்குகிறது. வௌவால் ஒன்றும் பறக்கவில்லை.

மரங்கள் இலுப்பையா மருதமா என்று மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள்.