மாமா பார்த்துக் கொடுத்த சைக்கிள்

மூன்று வருடத்துக்கு முன்பு, தீபாவளி முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கடலூரில் ஒரு சைக்கிள் கடையில் நடந்தது இது. வெளியே மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. கடைக்குள் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் என் மனைவியின் தம்பி. நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிகாடு பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத ஆள். நாற்பது வயதுக்கு மேல் தொப்பை குறையட்டும் என்று ஒரு ரோடு பைக் வாங்கினேன். பந்தயத்தில் ஓட்டுவார்களே, கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமன் டயர், அந்த மாதிரி சைக்கிள். வாங்கியதோடு விட்டேனா? ராத்திரி பகல் என்று பார்க்காமல் வெளிநாட்டுக்காரர்களின் சைக்கிள் வீடியோக்களைப் பார்த்து, ஆறே மாதத்தில் பெரிய பிஸ்தா ஆகிவிட்டேன். சொந்தக்காரர்களில் யார் வீட்டில் சைக்கிள் பேச்சு வந்தாலும், "மாமாவ கேளு" என்பார்கள். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் மச்சானுக்கு வீடு சிதம்பரத்தில். புவனகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அவன் கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிறந்து பத்து நாள் ஆன குழந்தையாக இருந்தாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவான். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பான். சேத்தியாத்தோப்பிலிருந்துகூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அந்தத் தம்பி இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அவனில்லை என்றால் மறுநாள் வருகிறோம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு.

அந்த வருடம் அவனுக்கே லேசாக சுகர் எட்டிப் பார்த்தது. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகலாம் என்று முடிவு பண்ணினான். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக லேபை விடியும்போதே திறந்துவிட வேண்டும். அதனால் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் நாள் தவறாமல் ஓட்டணும், மழை பனிக்கெல்லாம் தாங்குகிற மாதிரி பார்த்துக் கொடுங்கள் மாமா என்றான்.

கடைக்கார பாய் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நேராக ஒரு பச்சை சைக்கிளிடம் கூட்டிப் போனார். அதுவும் ரோடு பைக்தான், ஆனால் டயர் கொஞ்சம் அகலம். டிஸ்க் பிரேக். மட்கார்டு போட இடம் இருந்தது. "சார், ஈரத்துல ஓட்டுறவருக்கு இதுதான் சரி. அந்த செவப்பு ஒல்லி டயரு, வெயில் காலத்துல நல்ல ரோட்டுல ஓட்டிக்கலாம். பனியில ரிம்மு நனைஞ்சா பிரேக்கு சட்டுனு புடிக்காது" என்றார் பாய். மச்சானும் பச்சை சைக்கிளின் சீட்டைத் தடவிப் பார்த்தான். அவனுக்கு அது பிடித்துவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. நான் கூட வந்திருக்கும்போது கடைக்காரர் சொல்வதை வாங்கிக்கொண்டு போவதா? சிவப்பு சைக்கிளை இரண்டே விரலால் தூக்கிக் காட்டினேன். "பாரு மச்சான், எடையே இல்ல. ரோடு பைக்னா இதுதான். அது பால்காரர் சைக்கிள் மாரி இருக்கு" என்றேன். பாய் மறுபடியும் பனி என்று ஆரம்பித்தார். நம்ம ஊரில் என்ன பாய் ஐஸ் கட்டியா கொட்டுகிறது, இந்தக் குளிர்கால சைக்கிளெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு என்று சொல்லி சிரித்தேன். சைக்கிள் பார்க்க வந்திருந்த வேறு இரண்டு பேரும் சிரித்தார்கள். பாய் கல்லாப் பக்கம் போய்விட்டார். விலையும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மச்சான் ஒரு தரம் பச்சையைப் பார்த்தான், ஒரு தரம் என்னைப் பார்த்தான். அப்புறம், "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிவப்பை எடுத்துக்கொண்டான்.

டயரில் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் வேகம் வரும் என்று அதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. வாரா வாரம் போன் பண்ணி இத்தனை நிமிஷத்தில் போனேன் மாமா என்று சந்தோஷமாகச் சொல்வான். ஒரு தடவை மட்டும், பனி நேரத்தில் பிரேக் கொஞ்சம் வழுக்குகிற மாதிரி இருக்கிறதே என்றான். பழகிவிடும் என்றேன். ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போனை வைத்தேன்.

தை பிறந்தது. எங்கள் பக்கம் சம்பா அறுப்பு நடக்கும் நேரம். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று விவசாயிகள் தார் ரோட்டிலேயே கொட்டிக் காயவைப்பார்கள். சாயங்காலம் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, வண்டி ஏறிவிடாமல் சுற்றிலும் கருங்கல்லை வரிசையாக வைப்பார்கள். ரோட்டில் பாதி போய்விடும். குவித்த பிறகும் மணிகள் சிதறிக் கிடக்கும், அதன் மேல் பனி இறங்கும். இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஐந்து வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் கடையில் நின்று பேசிய அந்த ஒரு மணி நேரத்தில் இந்த ரோடு என் நினைப்பிலேயே இல்லை. என் தலைக்குள் ஓடியதெல்லாம் வீடியோவில் பார்த்த பளபளப்பான ரோடு.

மெயின் ரோட்டில் லாரி ஜாஸ்தி என்று மச்சான் ஊர்களுக்குள் புகுந்து போகும் சின்ன ரோட்டில்தான் போவான். அன்றைக்கு மூடுபனி. தார்ப்பாய் கண்ணில் பட்டதும் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். முதலில் பிடிக்கவில்லை. பிடித்தபோது முன் டயர் நெல்லின் மேல் இருந்தது. சைக்கிள் ஒரு பக்கம் போக, இவன் வலது கையை ஊன்றி அந்தக் கல் வரிசையின் மேலேயே விழுந்திருக்கிறான். நெல்லுக்குக் காவல் படுத்திருந்தவர்தான் எழுந்து ஓடி வந்து, தன் துண்டைக் கிழித்துக் கையைக் கட்டி, பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நாங்கள் போய்ச் சேரும்வரை அவர் அங்கேயே இருந்தார். எங்க நெல்லாலதானே இப்படி ஆச்சு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மனிதருக்கு அழத் தோன்றியது.

மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. ஆபரேஷன் பண்ணி பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் உள்ளே நரம்பு அடிபட்டிருக்கிறது, விரலில் உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் காலை என் மனைவி அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே திட்டினாள். "எவன்டா இந்த ஊசி டயரு சைக்கிள வாங்கச் சொன்னது உனக்கு?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான்.

"நான்தாங்க்கா. மாமா வேற ஒண்ணுதான் காமிச்சாரு. நான்தான் அழகா இருக்குன்னு இத எடுத்தேன்."

நான் மறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்துவிட்டார் என்று சாக்குச் சொல்லலாம். அவரும் வந்தார்தான், ஊசி போட்டுவிட்டுப் போனார். அதற்கு அப்புறமும் நான் அங்கேயேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

பிசியோதெரபிக்கு ஒரு தடவை நான்தான் அவனைக் கூட்டிப் போனேன். வெளியே காத்திருக்கும்போது, ஏன்டா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். "அக்கா காலத்துக்கும் உங்கள சொல்லிக் காட்டிக்கினே இருக்கும் மாமா. எனக்குக் கை போனது போனதுதான். உங்க வீட்டுல நிம்மதியும் போவணுமா?" என்றான். நான்தான் சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்கே உங்கள் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்று. சொல்லவில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

இரண்டாவது ஆபரேஷனும் ஆனது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி வரவே இல்லை. ரத்தம் எடுக்கிறவனுக்கு அந்த இரண்டு விரல்தானே எல்லாம்? தோலுக்கு அடியில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தடவிப் பார்த்துத்தானே அவன் குத்துவான்? இடது கையால் பழகிப் பார்த்தான். வீட்டில் ஒரு ரப்பர் டியூபை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குத்திக்கொண்டிருந்தான். பிறகு அந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டான். லேப் முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசலில் கவுண்டரில் உட்காரவைத்தார். பேர் எழுதுவது, ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பது.

போன வருடம் நான் அங்கே போயிருந்தபோது ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கவுண்டரில் அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்பாடா, நீங்க இருக்கீங்களா? மூத்தவனுக்கும் நீங்கதான் எடுத்தீங்க" என்றாள். அவன் கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டு, உள்ளே போங்கம்மா, வேற ஆள் எடுப்பாங்க என்றான். உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. ஒரு தடவை குத்தி, நரம்பு கிடைக்காமல், மறுபடியும் குத்துகிறார்கள் என்று அழுகையிலேயே தெரிந்தது. அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தான். நான் காற்று வாங்குகிற மாதிரி வெளியே போய் நின்றேன். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலூர் வரும்வரை அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்?

நான் இப்போது சைக்கிளைத் தொடுவதில்லை. மனைவி நான் பயந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாய் ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்து, அந்தச் சிவப்பு சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். நல்லா ஓடுது பாய் என்றேன். அந்த மனிதரிடமும் பொய்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது என் வீட்டுச் சாப்பாட்டு நேரம்தான். அவன் வந்து எங்களோடு உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவிக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்துவிடும். "மாமா பேச்சக் கேட்டிருந்தா உனக்கு இந்தக் கதி வருமாடா?" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே, தப்புதாங்க்கா என்பான். மூன்று வருடமாக இதே பேச்சுதான். பக்கத்தில் நான் ரசம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் அவன் ஸ்கூட்டர் வாங்க வேண்டும் என்றான். அவன் வீட்டில் இருந்த பழைய மோட்டார் பைக்கில் வலது கையால் பிரேக் பிடிக்க முடியவில்லை, இடது கைப் பிரேக்கிலேயே நிற்கிற வண்டியாகப் பார்க்க வேண்டும். இந்தத் தடவையாவது மாமா சொல்வதைக் கேள் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சிதம்பரத்தில் ஒரு ஷோரூமுக்கு அவனோடு போனேன். மூன்று வண்டிகளை நிறுத்திக் காட்டினார்கள். உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க மாமா" என்றான்.

அவன் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். துளிகூட இல்லை. நிஜமாகவே நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்து, இடது கையால் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுநடுவே தலையைத் தூக்கி வாசல் பக்கம் என்னைத் தேடினான். கடைசியில் அவனேதான் ஒன்றை எடுத்தான்.

அவன் ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன், எல்லோரிடமும் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இதை எழுதும் இந்த நேரம் என் மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியாத உங்களிடம் சொல்ல முடிந்ததை, பத்தடி தள்ளி இருக்கிற அவளிடம் எழுந்து போய்ச் சொல்ல எனக்கு இன்னும் கால் வரவில்லை.