வேணு சார் ஏற்றுக்கொண்ட தப்பு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதைத் தொடும்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். தாளில் எழுதித் தருகிறேன், பேத்தி படம் பிடித்து இங்கே போடுகிறாள். இந்த நாலு வரிக்கே காபி ஆறிவிட்டது. ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்!

சந்தனமும் கிரீஸும் கலந்த வாசனை...

எண்பதுகளின் தொடக்கம். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. ஆயுத பூஜைக்கு மறுநாள்.

மெஷின் பூட்ட ஜெர்மனியிலிருந்து வெர்னர் என்று ஒருவர் வந்திருந்தார். எங்கள் வாயில் அவர் வேணு சார். சொந்த ஊரில் அவர் கவுன்சிலர் என்று ஆபீஸ் கிளார்க் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கவுன்சிலர் எங்கேயாவது ஸ்பானர் பிடிப்பாரா?

நான் தினக்கூலி. அடுத்த மாதம் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. கியர் பாக்ஸுக்கு ஆயில் ஊற்றுவது என் வேலை. பீப்பாயில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. சுவரோரம் இருப்பது கியர் ஆயில், வாசல் பக்கம் இருப்பது வேறு மெஷினுக்கு... அதுதான் என் அடையாளம். இரண்டும் ஒரே நிறம்.

பூஜைக்காகக் கழுவித் துடைத்தவர்கள் பீப்பாய்களை இடம் மாற்றி, பொட்டும் வைத்துவிட்டார்கள். நான் வழக்கம்போலச் சுவரோரத்துப் பீப்பாயிலிருந்து ஊற்றினேன்.

மெஷினை ஓட்டுமுன் வேணு சார் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். இது வேறு ஆயில், ஓட்ட வேண்டாம் என்று தடுத்தார்.

சூப்பர்வைசர் கத்தினார். "எவன்டா ஊத்துனது? படிக்காதவனை எல்லாம் வச்சா இப்படித்தான். கெளம்பு, வூட்டுக்குப் போ!"

வீட்டில் மனைவி ஏழு மாதம்.

வேணு சார் ஏதோ சொன்னார். கிளார்க் தமிழில் சொன்னார்: "மூணு மாசமா இவன்கூட நிக்கிறாராம். படிக்கத் தெரியுமான்னு ஒருநாள்கூட கேக்கலையாம். தப்பு அவரோடதாம். ரிப்போர்ட்ல அவரு பேரை எழுதச் சொல்றாருங்க."

"அவருக்கென்ன, பிளேன் ஏறிப் போயிருவாரு" என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். ஆனாலும் அப்படியேதான் எழுதினார்.

வேணு சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஆயிலை வடித்தார். சாயங்காலம் ஒரு பீப்பாய்க்குச் சிவப்பும் இன்னொன்றுக்குப் பச்சையும் அவரே பூசினார்.

அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன்.

ஊருக்குப் போனவர் கிளார்க்குக்குக் கடிதம் போடுவார். மேயர் ஆனார். அவருடைய மாநிலத்துச் சட்டசபைக்கு நின்று தோற்றார், மறுபடியும் நின்று ஜெயித்தார். அன்றைக்குக் கேன்டீனே அதிர்ந்தது. "நம்ம வேணு எம்.எல்.ஏ. ஆயிட்டாருடோய்!"

இப்போது எங்கள் தெருவுக்கும் வேட்பாளர்கள் வருகிறார்கள், கும்பிடுகிறார்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள். போன தேர்தலில் பெயர்களை நானே எழுத்துக் கூட்டி வாசித்து ஓட்டுப் போட்டேன். மனசு நிறையப் போட்டிருப்பேன் ஒருவருக்கு... அவர் நின்ற ஊரில் எனக்கு ஓட்டு இல்லை.

அதனால்தான் இதை எழுதினேன். தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. அவர் தோற்ற கதையை வரும் வாரம் அதில் எழுதுகிறேன்.