டிக்கிக்குள் லியாகத் அலி

டிக்கிக்குள் முழங்காலை நெஞ்சோடு மடக்கிச் சுருண்டுகொண்டு, “மூடுங்க” என்றார் மெக்கானிக் லியாகத் அலி. பின்பக்கம் சத்தம் என்று எந்த வண்டி வந்தாலும் அவர் இப்படித்தான். ஐம்பத்தாறு வயதிலும் ஒல்லி உடம்பு. எந்த டிக்கியிலும் அடங்கிவிடும். கோபம்தான் எதிலும் அடங்காது.

அன்று வந்தது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். பதினோரு வருடப் பழசு. தஞ்சாவூரில் வங்கி வேலையிலிருக்கும் ராகவேந்திரா, சென்னைத் தரகர் ஒருவரிடம் வாங்கி இரண்டு மாதமாகியிருந்தது. பின்னால் ‘டொக்’ என்று கேட்கிறது என்று முதலில் சொன்னது அவர் மனைவி மாளவிகா. இரண்டு பட்டறைகளில் டயர் தேய்மானம் என்றார்கள். மூன்றாவது பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, “மேடத்துக்கு கிளட்ச் விடத் தெரியல சார்” என்றாராம்.

அதைக் கேட்டதும் லியாகத் அலிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். ஓட்டுறவங்க மேல பழியப் போடுறவன் என்ன மெக்கானிக்கு?”

மாளவிகாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரத்தநாடு சாலையில் ராகவேந்திரா வண்டியை எடுத்தார். பழக்கதோஷத்தில் பாட்டைப் போட்டதும் டிக்கிக்குள்ளிருந்து இடி விழுந்தது. “வண்டி பேசுறப்ப ஒங்களுக்கு என்ன சார் பாட்டு?”

போகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்று வழியில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் மெதுவாக ஏற்றச் சொன்னார். “செடி மேல டயர் சத்தம் அமுங்கிரும். அப்பவும் கேட்டா அது டயரு இல்ல.”

கேட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு டொக். காலை எடுத்தால் ஒரு டொக்.

பட்டறைக்குத் திரும்பியதும் வண்டியைக் குழிமேல் நிறுத்திவிட்டு டார்ச்சோடு கீழே இறங்கினார். பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் தார் புதிதாக மின்னியது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். தாருக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய விரிசல். மேலே வேப்பம்பிசின்போல அசிங்கமாக வெல்டிங். அந்த வெல்டிங்கிலும் புது விரிசல்.

அந்தப் பூச்சு அவருக்குப் புதிதல்ல. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது முதலாளி சொன்னார் என்று, விரிசலை மறைக்க இரண்டு வண்டிகளுக்கு அவரே அடித்திருக்கிறார். அவை யார் கைக்குப் போயின, எங்கே ஓடுகின்றன என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரைக் குழிச் சுவரில் ஓங்கி அடித்தார். “மனுசனாடா நீங்கள்லாம்?” என்று கத்தினார். யாரைத் திட்டுகிறார் என்று மேலே நின்றவர்களுக்கு விளங்கவில்லை.

“நீங்க மொதல்ல எறங்கி வாங்கம்மா” என்று மாளவிகாவைக் கூப்பிட்டுக் காட்டினார். “ஒங்க காது பொய் சொல்லல. இன்னொரு பள்ளத்துல விழுந்தா சக்கரம் தனியாப் போயிரும்.”

ராகவேந்திரா குனிந்து எட்டிப் பார்த்தார். “அதான் வெல்டு வச்சிருக்கே பாய், தாங்கும்ல? சனிக்கிழமை நாகப்பட்டினம் போகணும். போய்ட்டு வந்து விட்டுடறேன்.”

“பக்கத்து சீட்ல யாரு சார் வருவா?”

ராகவேந்திரா மனைவியைப் பார்க்கவில்லை. “என் வண்டி, நான் பாத்துக்கறேன். சாவியக் குடுங்க.”

லியாகத் அலி மேலே ஏறிவந்து சாவியை அவர் கையில் வைத்தார். பிறகு பின்பக்கம் ஜாக்கி போட்டார். மளமளவென்று நட்டுகளைத் திருகி வலதுபக்கச் சக்கரத்தைக் கழற்றி, பட்டறையின் உள்மூலை வரை உருட்டிக்கொண்டு போய்ப் படுக்கப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.