பெயர் போடாத நான்காம் வகுப்புப் பெண்

எங்கள் சின்ன நாட்டின் ஹீயுமாத் தீவில் மெரிகேவை இன்றும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பத்தொன்பது வருடம் ஒரே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். பிள்ளைகள் குறைந்துபோய் மூன்று வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்த வருடம், மனசே இல்லாமல் தார்த்து நகரத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அந்தக் கம்பெனியில் மொத்தமே பதினோரு பேர். பிள்ளை டேப்லெட்டைப் பார்த்து வாய்விட்டுப் படித்தால், எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்துக்கே மறுபடி பயிற்சி கொடுக்கும் செயலியைச் செய்கிறார்கள்.

முதலாளி ராக்னருக்கு இருபத்தொன்பது வயது. கெட்டவன் இல்லை, அவசரக்காரன். "நம்ம நாட்டு முதல் வகுப்புப் பிள்ளைங்க எல்லாரையும் கூட்டினாலும் வெளிநாட்டுல ஒரு நகரத்துக்குக் காணாது. வெளிய போகலேன்னா இழுத்து மூட வேண்டியதுதான்" என்று வாரத்துக்கு நாலு தடவை சொல்வான். மெரிகே உள்ளே வந்தால், "டீச்சரம்மா வராங்க, சூயிங்கத்தைத் துப்புங்கடா" என்று இளவட்டங்கள் கிண்டல் செய்யும். அவளும் சிரித்துக்கொள்வாள்.

செயலியை முதலில் சோதித்துப் பார்க்க அவளுடைய பழைய பள்ளியே கிடைத்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் தீவுக்காரர்கள் பிள்ளைகளின் குரலைப் பதிய விட்டிருக்க மாட்டார்கள். டீச்சர் கேட்டாள் என்று கையெழுத்துப் போட்டார்கள். சிர்லியும் போட்டாள். அவள் மகள் லிசெட் அப்போது மூன்றாம் வகுப்பு. இரண்டு வரி சேர்ந்தாற்போல் படிக்க வராது. தன் முறை வரும்போதெல்லாம் கழிவறைக்குப் போய்விடுவாள். முன்பு இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிமோதிப் பார்த்தும் மெரிகேயால் அவளைப் படிக்க வைக்க முடியவில்லை. அந்தத் தோல்வி அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

டேப்லெட் வந்ததும், ஈர பூட்சுகளும் கோட்டுகளும் கிடக்கிற அறையில் தனியாக உட்கார்ந்து லிசெட் படிக்க ஆரம்பித்தாள். எட்டு மாதம் கழித்து, நான்காம் வகுப்பில், வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஒரு பக்கம் படித்தாள். மெதுவாகத்தான், ஆனால் நிறுத்தாமல். அந்தப் பதிவைக் கேட்ட அன்று மெரிகே அலுவலகத்தின் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

நவம்பரில் தாலின் நகரத்தில் புதுக் கம்பெனிகளுக்கான போட்டி. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வருவார்கள், டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள். "ஒரே ஒரு பிள்ளையோட கதை வேணும் மெரிகே. நீங்க எழுதினாத்தான் உயிர் இருக்கும்" என்றான் ராக்னர். எழுதினாள். பெயரை எடுத்தாள், பள்ளியை எடுத்தாள், தீவின் பெயரையும் எடுத்தாள். மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரு தீவு, ஆறு பேர் படிக்கும் நான்காம் வகுப்பு, அதில் ஒரே பெண் பிள்ளை, அப்பாவுக்குப் படகுத்துறையில் வேலை. வக்கீல் படித்துப் பார்த்து, அடையாளம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வெளிநாட்டுக்காரனுக்கு அது யாரோ ஒரு பிள்ளை. பதிமூன்று லட்சம் பேர் இருக்கிற எங்கள் நாட்டில் அது கதவு எண்ணோடு விலாசம் கொடுத்த மாதிரி. வக்கீலை விடுங்கள், பத்தொன்பது வருடம் அங்கே குப்பை கொட்டியவளுக்கு இது எப்படி உறைக்காமல் போனது? நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மேடையில் முதலில் பழைய குரலைப் போட்டார்கள். இருபது நொடி, திக்கலும் மூச்சு வாங்கலும். அப்புறம் புதுக் குரல் வரவில்லை. திரையில் ஒரு கோடு மேலே ஏறியது. "புதுசும் இன்னும் மெதுவாத்தான் இருக்கு. கோடுன்னா பளிச்சுனு இருக்கும்" என்று ராக்னர் முன்பே சொல்லியிருந்தான். "சரி, அப்படியே போடு" என்று சொன்னவள் மெரிகேதான். அரங்கமே கைதட்டியது. முதலீடும் வந்தது.

மறுநாள் காலை பள்ளிப் பேருந்தில் பையன்கள் அந்த இருபது நொடியை அப்படியே நடித்துக் காட்டினார்கள். சிர்லியிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: "டீச்சர், லிசெட் படிக்க வாயே திறக்கல."

சனிக்கிழமை மெரிகே காரோடு துறைக்குப் போனாள். வண்டிகளைப் படகுக்குள் ஏற்றி நிறுத்துவது லிசெட்டின் அப்பா கால்மர். எந்த வரிசை என்று கையைக் காட்டினான், அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். நாங்கள் அதிகம் பேசாத ஜனங்கள்தான். ஆனாலும் தலையாவது அசைப்போம்.

தீவில் வீட்டுக்குப் போனதும் சிர்லி காப்பி வைத்தாள். வழக்கம்போல் அதோடு ஒரு பன்கூட வைக்கவில்லை.

"பேரு எங்கயும் போடல சிர்லி..."

"பேரு எதுக்கு டீச்சர்? ரொட்டி வாங்கப் போனா, 'உம் பொண்ணு குரல் டிவில வந்துச்சாமே'ங்கறாங்க. அந்தக் கம்பெனிக்காரன் கேட்டிருந்தா வாசல்லயே அனுப்பியிருப்பேன். நீங்க கேட்டீங்கன்னுதானே குடுத்தேன்?"

"தப்புதான். முழுக்க என் தப்பு."

"அத எங்கிட்ட சொல்லி என்ன பண்ண?"

லிசெட் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மெரிகே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். பெண் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"பழைய குரலைப் போட்டீங்களே, இப்ப நான் படிக்கிறத ஏன் போடல?"

நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். ராக்னர் தலையில் கட்டியிருக்கலாம். இரண்டும் மெரிகேயின் நாக்கு நுனிவரை வந்தன.

"இன்னும் மெதுவா இருந்துச்சு. காட்டறதுக்கு அது போதாதுன்னு நெனச்சோம்" என்றாள்.

"நீங்களுமா?"

"நானுந்தான்."

"எனக்குப் போதும்னு இருந்துச்சு டீச்சர்" என்றாள் லிசெட். பூட்சைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்த வருடம் முழுக்க அவள் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கவில்லை.