தும்மினால் சுழலும் மின்விசிறி

அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சிப் வடிவமைக்கும் கம்பெனியில் அவளுக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. வடிவமைப்பாளர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்ததை மூன்றே நாளில் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவாள். யாருக்கும் அவளைக் கண்டால் ஆகாது. ஆனால் அவள் பேச்சைத் தள்ளவும் முடியாது. வரைபடம் வெளியூர் ஆலைக்குப் போய்ச் சிப்பாகிவிட்டால், பிறகு ஒரு புள்ளியைக்கூட அழித்து எழுத முடியாது.

தொடக்கத்தில் தையல்கடை மாடியில் ஆறே பேர் இருந்தார்கள். முதலாளியை அவள் அண்ணா என்பாள். மறந்து வைத்த இஸ்திரிப்பெட்டியைத் தானே அணைக்கும் சிப் ஒன்றுதான் அவர்கள் சரக்கு. ஆலையும் இல்லை, கடையும் இல்லை, அப்படியானால் என்னதான் செய்கிறீர்கள் என்று நாத்தனார் விடாமல் கேட்க, ஒரு இஸ்திரிப்பெட்டியைக் கொடுத்து அவள் வாயை அடைத்தாள்.

அடுத்தது, கை தட்டினால் சுழலும் மின்விசிறிக்கான சிப். இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று கெஞ்சினாள். கண்காட்சிக்கு நாள் நெருங்குகிறது என்று முதலாளி வரைபடத்தை ஆலைக்கு அனுப்பிவிட்டார். சிப் வந்து சேர்ந்த அன்று ஜலதோஷத்தோடு சோதித்தபோதுதான் தெரிந்தது, தும்மினாலும் விசிறி சுழல்கிறது. அன்றே அறிக்கை எழுதினாள்.

அதைப் படித்த விற்பனைத் தலைவர் துள்ளிக் குதித்தார். 'உங்கள் உடம்பின் மொழி அறிந்த விசிறி' என்று விளம்பரம் வந்தது. ஜலதோஷக்காரருக்குக் காற்று எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைகளில் வைத்த கை எடுப்பதற்குள் விற்றுத் தீர்ந்தது.

கம்பெனி ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனது. அண்ணா, சார் ஆனார். அவளுக்குத் தனியறையும் கேடயமும் கிடைத்தன. அவள் அறிக்கைகள் வடிவமைப்பாளர்களை விட்டு நேரே விற்பனைப் பிரிவுக்குப் போயின. குறை என்ற சொல்லுக்குத் தடை. 'எதிர்பாராச் சிறப்பு' என்றுதான் எழுத வேண்டும். காரணமில்லாமல் கத்திய குளிர்சாதனப்பெட்டி, தனிமையில் வாழ்வோருக்குத் துணையென்று விலைபோனது. கேடயத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

ஒருநாள் துணி துவைக்கும் இயந்திரத்துக்கான வரைபடம் வந்தது. மூன்று வாரம் குடைந்தும் ஒன்றும் சிக்கவில்லை. அப்படியே ஒரு வரி எழுதினாள். உடனே கூட்டம் கூட்டினார்கள்.

"ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாத்தீங்களா?" என்றார் விற்பனைத் தலைவர்.

"பாத்தேன். நல்லாதான் இருக்கு."

"நல்லாருக்குன்னு சொல்லி எப்படிங்க விக்கறது?"

மூலையில் அதை வரைந்தவர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். பத்து வருடத்தில் அவர் வேலையை நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னது அன்றுதான். அவர் கண் கலங்கியிருந்தது. சின்னதாக ஏதாவது சிறப்பு சேர்த்துக் கொடுங்களேன் என்று விற்பனைத் தலைவர் அவரைக் கேட்டதும் அவள் குறுக்கிட்டாள்.

"சேருங்க. நான் அதைக் கண்டுபிடிச்சு, குறைன்னே எழுதுவேன். ஆலைக்கு அனுப்பக் கையெழுத்து போட மாட்டேன்."

முதலாளி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "அப்படியே அனுப்பிடுங்கப்பா," என்றார்.

இயந்திரம் சுமாராக விற்றது. மூன்று மாதமாகப் புகார்ப் பிரிவின் தொலைபேசி அடிக்கவே இல்லை. லைன் செத்துவிட்டது என்று பயந்து, பார்க்க ஆள் அனுப்பினார்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.